எண்ணெய் பாய்ந்த நிலம்

போன வாரம் நீங்கள் பயிற்சிக்காக எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், ஒரு மண்ணை செத்துப்போச்சுன்னு எந்தக் கட்டத்துல எழுதலாம்?" அதற்குள் டீ வந்துவிட்டது, பேச்சும் மாறிவிட்டது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது. பதிலாகச் சொல்ல என்னிடம் விதி எதுவும் இல்லை. ஒரு நிலத்தைப் பற்றிச் சொல்ல முடியும். அந்த நிலத்தில் என்னோடு நின்ற ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. செங்கல்பட்டில் எங்கள் மண் பரிசோதனைக்கூடம் அப்போது இதைவிடச் சின்னது. நான் வேதியியல் பக்கம். ஊர் தென்காசி, கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை என்பதால் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவள். ஒரு திட்டத்துக்காக மண்ணின் நுண்ணுயிர்களைப் பார்க்க ஒருவரை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். அவள்தான் ஜரினா. கோவளத்துக்காரி. அவள் அப்பா மீனவர்களுக்கு வலையும் நூலும் விற்கிறவர். அவளுக்கென்று அறை எதுவும் இல்லாததால், சாமான் போட்டுவைக்கும் இடத்தை ஒதுக்கி ஒரு மேசை போட்டுக் கொடுத்தோம். வந்த அன்றே மேசையை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்களை அவள் தெருவில் குடியிருப்பவர்களைப் போலத்தான் பேசுவாள். "இன்னிக்கு மதுராந்தகம் மண்ணுல செம கூட்டம்ப்பா. உக்கார எடமில்ல." என்னைவிட இரண்டு வயது சின்னவள். முதல் வாரம் மேடம் என்றாள். அடுத்த வாரம் அக்கா. அதற்கடுத்த வாரம் வெறும் 'ப்பா'. மதியம் அவள் டப்பாவில் சங்கரா மீன் வறுவல் இருக்கும், என் டப்பாவில் புளிச்சோறு. கேட்காமலே மாற்றிக்கொள்வோம். சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரை வருவோம். அங்கே இறங்கி அவள் மாமல்லபுரம் பஸ்ஸுக்கும் நான் கல்பாக்கம் பஸ்ஸுக்கும் காத்திருப்போம். என் பஸ் முதலில் வந்தால் ஏறாமல் விட்டுவிடுவேன். அவளும் அப்படித்தான் செய்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை பலமாகப் பெய்தது. திருக்கழுக்குன்றத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே வாய்க்காலின் மேல் பக்கம் ஒரு கொட்டகை இருந்தது. லாரிகளிலிருந்து கழித்த பழைய இன்ஜின் ஆயிலை வாங்கிவந்து, காய்ச்சி வடிகட்டித் திரும்ப விற்பார்கள். கசடையும் கழிவையும் மண்ணில் வெட்டிய குழியில் விட்டுவைத்திருந்தார்கள். மழையில் குழியின் கரை உடைந்தது. அத்தனையும் வாய்க்கால் வழியாக இறங்கி, கீழே இருந்த கன்னியம்மாவின் நிலத்தில் பாய்ந்தது.

நானும் ஜரினாவும் போனபோது மழை விட்டிருந்தது. நட்டு வேர் பிடித்திருந்த நாற்று முழுக்கக் கறுத்துச் சாய்ந்து கிடந்தது. ஒர்க் ஷாப் தரையைப் போல நெடி. ஜரினா பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள். உள்ளே இறங்காமல் உருண்டையாகத் திரண்டு நின்றது. கன்னியம்மா நாற்பது வயதுக்காரர். பேச்சில் சுற்றி வளைப்பதெல்லாம் கிடையாது.

"மேடம், இது எங்க நைனா எனக்குக் குட்த்த நெலம். எம் பேர்ல கீது. எங்க வூட்டுக்காரு வித்துடலாம்னு சொல்லிகினு கீறாரு. நீங்க இன்னா சொல்றீங்க?"

அவர் கணவர் ஏழுமலை கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். அந்தக் கொட்டகைக்காரரின் வேனைத்தான் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால் எங்கள் முகத்தையும் பார்க்க முடியாமல், மனைவி முகத்தையும் பார்க்க முடியாமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்தைக் கேட்டவர் வேறு யாருமில்லை, கொட்டகைக்காரர்தான். கடற்கரைச் சாலையைச் சுற்றி மனை விலை ஏற ஆரம்பித்திருந்த காலம். 'சாகுபடிக்கு லாயக்கற்றது' என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் ஒரு தொகையைக் கொடுத்து நிலத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கெடுத்த நிலம் கெடுத்தவர் கைக்கே போகும், அதுவும் எங்கள் கையெழுத்தின் பலத்தில்.

மண்ணை எடுத்துவந்து பார்த்தோம். தட்டு வைப்பது உங்களுக்குப் பழகிய வேலைதான். சத்துக்கூழ் ஊற்றிய தட்டில் மண் கரைசலைத் தடவி வைத்தால், உயிருள்ளவை பெருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். நல்ல வயல் மண் என்றால் தட்டு முழுக்க அம்மை போட்டதுபோல் இருக்கும். கன்னியம்மா நிலத்துத் தட்டுகளோ கழுவித் துடைத்துவைத்தது போலிருந்தன. எண்ண வேண்டிய நாளில் எண்ணினோம். எண்ணுவதற்கு எதுவுமில்லை.

"யாரும் வரலப்பா" என்றாள் ஜரினா. வழக்கமான குறும்பு அவள் குரலில் இல்லை.

என் பக்கத்து முடிவுகளும் மோசம்தான். எண்ணெய் மண் துகள்களை மூடி, காற்றையும் தண்ணீரையும் தடுத்துவிட்டிருந்தது. 'உயிர்ச் செயல்பாடு காணப்படவில்லை' என்று எழுதிவைத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு ரம்ஜான் வந்தது. ஜரினா விடுப்பில் போனாள். தட்டுகள் கழுவப்படாமல் அவள் மேசையிலேயே கிடந்தன. விடுப்பு முடிந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "சீக்கிரம் வாப்பா!" என்று அவள் கத்திய சத்தத்தில், எதையோ உடைத்துவிட்டாள் என்று நினைத்து ஓடினேன். மருதாணி சிவந்த கையில் ஒரு தட்டைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். மணல் துகள் அளவுக்கு ஆரஞ்சு நிறப் புள்ளிகள். மேலே சுருக்கம் விழுந்து, காய்ந்த எலுமிச்சைத் தோல் மாதிரி.

"வந்துட்டாங்கப்பா. லேட்டா வந்துகிறாங்க."

"தூசி விழுந்திருக்கும்" என்றேன்.

"எல்லாத் தட்டுலயும் ஒரே ஆளு வந்து விழுவாரா? மண்ணு வெக்காத வெறும் தட்டப் பாரு, சுத்தமா கீது."

எண்ணெயையே தின்று வளரும் நுண்ணுயிர்கள் உண்டு என்று இருவரும் படித்திருந்தோம். அவை மெதுவாகவே பெருகும் என்பதும் தெரியும். நாங்கள் எண்ணுகிற நாளுக்குள் அவை கண்ணுக்கே தெரியாது; அடுத்த நாள் தட்டு கழுவப் போய்விடும். இவை அந்த ஜாதிதானா என்று அறிய, கொட்டகைக் குழியில் கிடந்த அதே எண்ணெயை மட்டும் உணவாக வைத்து, ஒரு குடுவையில் இந்தப் புள்ளிகளை விட்டாள். முடிவு தெரிய நாளாகும்.

அதற்குள் நிலத்தைப் பார்வையிட வரச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது.

நண்பகல் வெயில். வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்திருந்தார். கொட்டகைக்காரர் வெள்ளைச் சட்டையில், எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழுமலை அவருக்குப் பின்னால் நின்றார். கன்னியம்மா தனியாக வரப்பில் நின்றார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. நிறைய வேலை உள்ளவர். "மேடம், கதை வேணாம். நிலம் தேறுமா, தேறாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அடுத்த ஊருக்குப் போகணும்."

பதில் சொல்ல வேண்டியவள் நான். ஜரினா ஒப்பந்தத்தில் இருப்பவள், அவளுக்குப் பேச உரிமை கிடையாது. அவள் குனிந்து மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நான் அவளுக்காகப் பேசிவிடுவேன் என்று பயந்திருக்க வேண்டும்.

என் பையில் நான் எழுதிய வரி இருந்தது. அதைப் படித்திருந்தால் யாரும் என்மேல் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்த வரி சொன்னது, நாங்கள் பார்த்த நாள்வரை யாரும் வரவில்லை என்பதைத்தான். இனிமேலும் வரமாட்டார்கள் என்று அது சொல்லவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில்தான் அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குப் புரிந்தது. தேறும் என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் கிடையாது. சில புள்ளிகள் மட்டும்தான்.

"இன்னிக்குச் சொல்ல முடியாது சார்" என்றேன்.

"சொல்ல முடியாதுன்னா லேப் எதுக்கு மேடம்?"

"சொல்ல முடியாதத சொல்ல முடியாதுன்னு சொல்றதுக்கும்தான் சார். அடுத்த மழைக்காலம் தாண்டட்டும். அதுவரைக்கும் லாயக்கில்லைன்னு எழுதமாட்டேன்."

கொட்டகைக்காரர் சிரித்தார். "மண்ண பாத்தா சின்னக் கொயந்தகூட சொல்லிடும். மேடம் புக்குல படிச்சத சொல்றாங்க." அதிகாரி அலுத்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கன்னியம்மா என்னிடம் வந்தார். "அப்ப பொழச்சிக்குமா மேடம்?"

"தெரியாதும்மா. சத்தியம் பண்ணிக் கொடுக்க மாட்டேன். முயற்சி பண்ணலாம். நாங்க பரிசோதிச்சுச் சொல்றவரைக்கும் வாயில வைக்கிற பயிர் எதுவும் போடக் கூடாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தினி தூரம் வந்தீங்க?" என்றவர், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "செரி, இன்னா பண்ணணும், சொல்லுங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜரினா, "எனக்கோசரம் சொன்னியா?" என்று கேட்டாள்.

"இல்ல. தட்டுக்காகச் சொன்னேன்."

"பேஜாரு புடிச்சவ" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, புழுதியா, தெரியவில்லை.

குடுவையில் எண்ணெய்ப் படலம் உடைந்து, தண்ணீர் பால்போலக் கலங்கிய அன்று, அவை எண்ணெயைத் தின்கின்றன என்பது உறுதியான அன்று, அவள் சத்தம் போடவே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினாள். இருவரும் அந்தக் கலங்கல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வாழ்க்கையில் நிறைய நல்ல செய்திகள் கேட்டிருக்கிறேன். அவ்வளவு அமைதியான சந்தோஷம் மறுபடி வாய்க்கவில்லை.

அந்த உயிர்களுக்கு வேண்டியது காற்று, ஈரம், கொஞ்சம் தழைச்சத்து. அவ்வளவுதான். நிலத்தைத் திரும்பத் திரும்ப உழுது புரட்டச் சொன்னோம். மாட்டுச்சாணமும் வைக்கோலும் கலந்து, யூரியாவைக் கொஞ்சமாகத் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். சொல்வது சுலபம். நிலத்தை விற்க மறுத்ததால் ஏழுமலைக்கு வேன் ஓட்டும் வேலை போனது. ஒருநாள் நேராக ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"உங்க பேச்ச கேட்டுகினு அவ சேத்த கெளறிகினு கீறா. எம் பொயப்பு பூட்ச்சி. நாளைக்கு நெலமும் தேறலன்னா நீங்களா வந்து சோறு போடுவீங்க?"

ஜரினா அவரை உட்காரவைத்து, பெரிய லென்ஸைக் கையில் கொடுத்து ஒரு தட்டைக் காட்டினாள். "அண்ணாத்த, இது உங்க நெலத்துல கீற ஆளுங்க. போன மாசத்தவிட இப்ப ஜாஸ்தி. உங்களுக்குக் கோவம் வர்றது நாயம்தான். ஆனா இவங்க வேல செஞ்சிகினுதான் கீறாங்க." அவர் நெடுநேரம் பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை நாங்கள் போனபோது ஏர் பிடித்து உழுதுகொண்டிருந்தவர் அவர்தான்.

ஆனால் நிலம் எதையும் காட்டவில்லை. ஒரு கோடை போனது. ஒரு புல்கூட முளைக்கவில்லை. அதற்குள் ஜரினாவின் திட்டம் முடிந்துவிட்டது, ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. நான் மனு எழுதிப் பார்த்தேன், நேரில் போயும் கேட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. அவள் வீட்டில் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை. கோவளத்தில் நடந்த நிக்காஹ்வுக்குப் போயிருந்தேன். மணப்பெண் கோலத்தில் இருந்தவள் என் காதில் கேட்டாள், "சாணி கலக்கறாங்களா, நிறுத்திட்டாங்களா?"

கணவரோடு வளைகுடாவுக்குப் புறப்படும் முன் ஒருநாள், வேலை இல்லாவிட்டாலும், செங்கல்பட்டுக்கு வந்து என்னோடு ஒரே பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரை வந்தாள். மாமல்லபுரம் பஸ்கள் வந்தன, போயின. கல்பாக்கம் பஸ்களும் அப்படியே. கடைசியில் நான்தான், "வீட்டுல தேடப் போறாங்க" என்று சொல்லி அவளை ஏற்றிவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இன்னும் ஒரு பஸ்ஸை விட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும். மூன்று நான்கு கடிதங்கள் வந்தன. பிறகு வேறு ஊருக்கு மாறப் போவதாக ஒரு கடிதம், அதில் முகவரி இல்லை. அப்புறம் ஒன்றும் இல்லை.

அடுத்த மழை வந்தது. மழை ஓய்ந்த ஒரு காலையில் கன்னியம்மா ஊர்க் கடையிலிருந்து போன் போட்டார்.

"மேடம், கோரை மொளைச்சிகீது! நெலம் பூரா! என் ஆயுசுல கோரைய பாத்து சிரிச்சது இதான் மொத தபா!"

விழுந்தடித்துக்கொண்டு போனேன். அதன்பிறகு பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். அதற்கடுத்த கோடையில், சோதனைக்காக ஒரு பகுதியில் மட்டும் நிலக்கடலை போட்டார்கள். பூ விட்ட பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கினேன். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வேரில் கடுகு மணிகள் கோத்ததுபோல் முடிச்சுகள். ஒன்றைப் பிளேடால் இரண்டாக வெட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலிருந்து சத்தை இழுத்துச் செடிக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் அதற்குள் குடியிருந்து வேலை செய்கின்றன என்பதற்கு அந்த நிறம்தான் சாட்சி.

"இங்க பாருப்பா" என்று பக்கத்தில் திரும்பினேன்.

பக்கத்தில் யாரும் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்ற கன்னியம்மா, "யாரக் கூப்டீங்க?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, "அந்த பாய் வூட்டுப் பொண்ணு இன்னிக்கு இருந்திருக்கணும்" என்றார்.

மண்ணையும் கடலையையும் பரிசோதித்து, சாகுபடி செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தேன். முழு நிலமும் மீண்டது என்று சொல்லமாட்டேன். வாய்க்காலை ஒட்டிக் கசடு தடித்துக் கிடந்த ஒரு பட்டை மட்டும் எழவே இல்லை. கன்னியம்மா அதை வேலி போட்டு ஒதுக்கிவிட்டார். அதையும் அந்தக் காகிதத்தில் எழுதினேன். நீங்களும் எழுதுங்கள். மீண்டதை எழுதும் அதே கையால் மீளாததையும் எழுத வேண்டும்.

உங்கள் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். 'காணப்படவில்லை' என்று எழுதுங்கள். எத்தனை நாள் பார்த்தோம் என்பதையும் கூடவே எழுதுங்கள். 'செத்துவிட்டது' என்று எழுத நேரும்போது, இன்னும் கொஞ்சம் காத்திருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எதிரே ஜீப் நிற்கும். நின்றுவிட்டுப் போகட்டும்.

அந்தக் கடலை அறுவடையானதும் கன்னியம்மா ஒரு மூட்டை கட்டி என்னிடம் கொடுத்தார். "அந்தப் பொண்ணுக்கு எப்டியாச்சும் சேத்துடுங்க" என்றார். எப்படிச் சேர்ப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்குப் பஸ் ஏறினேன். நிக்காஹ்வுக்குப் போன அதே தெரு. ஜரினாவின் அப்பா காலமாகிவிட்டார், வீட்டை விற்றுவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர், கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்து கடலை மூட்டையை வாங்கி உள்ளே வைத்தார். ஜரினாவின் அண்ணன் எப்போதாவது போன் பண்ணுவாராம்.

"போன் வந்தா சொல்றேம்மா. இன்னா சொல்லணும்?"

வழியெல்லாம் நிறைய யோசித்துவைத்திருந்தேன். கோரை முளைத்ததை, ஏழுமலை ஏர் பிடித்ததை, வேர் முடிச்சின் நிறத்தை, திருக்கழுக்குன்றத்தில் இப்போதெல்லாம் முதலில் வரும் பஸ்ஸிலேயே நான் ஏறிவிடுவதை. எதை அந்த அம்மாவிடம் சொல்லி அனுப்ப முடியும்?

"நிலம் தேறிடுச்சுன்னு சொல்லுங்க."

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். "எந்த நெலம்னு கேட்டா?"

"கேக்க மாட்டா" என்றேன்.